ட்வீட்டுக்கும் ஒர்க் ஷாப்புக்கும் நடுவே: கிருஷ்ணகிரி மாவட்டத்து மின் ஸ்கூட்டர் போட்டி

ஓசூரில் டிவிஎஸ். அதே ஓசூரில் ஏத்தர். அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும் வழியில், சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி. கிருஷ்ணகிரியைத் தாண்டி உள்ளே போனால், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் பேர்போன போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக். மின் ஸ்கூட்டர் சந்தையில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கும் நான்கு கம்பெனிகளின் தொழிற்சாலைகள் ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிவிட்டன. 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தபோது மாங்கூழ், கிரானைட், பட்டுக்கூடு என்று சொல்லித்தான் கிருஷ்ணகிரியை வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம் காட்டுவோம்.

இந்த ஆய்வில் ஓலாதான் அதிகம் வரும். அதன் தலைவர் பவிஷ் அகர்வால்தான் நால்வரில் அதிகம் பேசியவர். பேச்சால் அதிகம் சம்பாதித்தவரும் அதிகம் இழந்தவரும் அவரே. மஸ்க்கும் ஜூக்கர்பெர்க்கும் 2023-ல் கூண்டுக்குள் இறங்கி அடித்துக்கொள்ளலாம் என்று சவால் விட்டுக்கொண்டதை உலகமே வேடிக்கை பார்த்தது. சண்டையும் நடக்கவில்லை, யாருக்கும் சேதாரமும் இல்லை. நம் பக்கத்துக் கதையில் சேதாரம் உண்டு. அது எங்கே, எப்படி உண்டானது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

பேசுவது அங்கே, வேலை இங்கே

நான்கு பேரும் இங்கே வந்து சேர்ந்தது தற்செயல் இல்லை. பெங்களூரு பக்கத்தில் இருக்கிறது. என்ஜினீயர்களும் முதலீட்டுக்காரர்களும் அங்கே. நிலம், மின்சாரம், சிப்காட் வசதி, துறைமுகத்துக்குப் போகும் சாலை எல்லாம் தமிழ்நாட்டுப் பக்கம். முக்கியமாக, ஓசூரைச் சுற்றி டை காஸ்டிங், பிரஸ், மெஷினிங், ரப்பர், வயரிங் என்று சின்னச் சின்ன யூனிட்டுகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. டிவிஎஸ் 1980-ல் மொபெட்டை இங்கிருந்து இறக்கிய நாளிலிருந்து வளர்ந்த கூட்டம் அது. சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013-ல் தொடங்கிய ஏத்தர், முதலில் பெங்களூருவில் வண்டி செய்தது. 2021 தொடக்கத்தில் ஓசூருக்கு வந்துவிட்டது.

ஆகவே தலைவர்கள் பெங்களூருவில் உட்கார்ந்து எக்ஸ் தளத்தில் எழுதுகிறார்கள். அதை இங்கே உள்ள சப்ளையரும் படிக்கிறார். ஒரு வித்தியாசம் என்னவென்றால், சப்ளையர் டை, அதாவது பாகம் வார்க்கும் அச்சு, செய்ய ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாத ஷெட்யூலைக் கேட்பார். அலுமினிய டை ஒன்றுக்கே லட்சக்கணக்கில் செலவு. வருஷத்துக்கு இருபது லட்சம் வண்டி என்று மேடையில் சொன்னால் கைதட்டலாம். டைக்குப் போட்ட காசு திரும்புவது ஷெட்யூலில் உள்ள எண்ணிக்கையால்தான்.

2021: வாய்க்கு நல்ல விலை கிடைத்த வருஷம்

2020 டிசம்பரில் ஓலா தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2,400 கோடி ரூபாய் முதலீடு, சுமார் 10,000 பேருக்கு வேலை, முதல் கட்டத்தில் வருஷத்துக்கு 20 லட்சம் ஸ்கூட்டர். போச்சம்பள்ளியில் 500 ஏக்கர். முழுத் திறனில் வருஷத்துக்கு ஒரு கோடி வண்டி, இரண்டு விநாடிக்கு ஒன்று, உலகிலேயே பெரிய இருசக்கர வாகன ஆலை என்றெல்லாம் அறிவிப்புகள் வந்தன. 2021 ஜூலையில் 499 ரூபாய்க்கு முன்பதிவு திறந்தார்கள். 24 மணி நேரத்தில் ஒரு லட்சம் பேர் பணம் கட்டினார்கள். யாரும் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 15 அன்று அறிமுகம். எஸ்1 விலை 99,999, எஸ்1 ப்ரோ 1,29,999. செப்டம்பரில் இரண்டே நாளில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் விற்றதாகச் சொன்னார்கள்.

அதே ஆகஸ்ட் 15 அன்று சிம்பிள் எனர்ஜியும் தன் வண்டியை அறிமுகம் செய்தது. முன்பதிவுத் தொகை 1,947 ரூபாய், ஒரு சார்ஜுக்கு 236 கிலோமீட்டர் என்ற வாக்குறுதி. சுதந்திரத்தை ஸ்கூட்டரோடு சேர்த்து விற்கும் யோசனை இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. சிம்பிளின் முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2023 ஜூனில். அதற்குள் விலையும் ஏறிவிட்டது. இவ்வளவு தாமதத்துக்கு ஊரே கேலி செய்திருக்க வேண்டும். பெரிதாக யாரும் பேசவில்லை, ஏனென்றால் அதன் தலைவர் யாரையும் சீண்டி வைக்கவில்லை.

பவிஷ் சீண்டினார். இந்தியாவில் இறக்குமதி வரி அதிகம் என்று மஸ்க் 2021 ஜூலையில் குறைபட்டுக்கொண்டபோது, அதோடு ஒத்துப்போகவில்லை, இங்கேயே செய்வோம் என்று பதில் எழுதினார். 2025-க்குப் பிறகு பெட்ரோல் இருசக்கர வாகனமே விற்கக் கூடாது என்று அறைகூவல் விடுத்தார். பெட்ரோல் வண்டியில் வளர்ந்தவர்கள் சும்மா இருப்பார்களா? பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ் அந்த ஆண்டே திருப்பிக் கொடுத்தார்: புதிய கம்பெனிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஓட்ஸ்' வருகிறது, சாம்பியன்கள் அதைத்தான் காலை உணவாகச் சாப்பிடுவார்கள் என்றார். ஓலாவும் ஏத்தரும் அந்தக் கிண்ணத்தில் இருந்தன. டிவிஎஸ்ஸைத் தன் பக்கத்துச் சாம்பியன்கள் வரிசையில் வைத்துக்கொண்டார்.

டிவிஎஸ்ஸை பஜாஜ் தன் வரிசையில் சேர்த்ததைப் பார்த்து ஓசூரில் பழைய ஆட்கள் சிரித்திருப்பார்கள். 2007-ல் டிவிஎஸ் ஃப்ளேம் என்ற 125 சிசி பைக்கைக் கொண்டுவந்தபோது, அதிலுள்ள இரட்டை ஸ்பார்க் பிளக் தன் காப்புரிமை என்று பஜாஜ் வரிந்து கட்டிக்கொண்டு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு பக்கமும் வழக்கு. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பைக்கை விற்கலாம் என்று சொல்லி, இதுபோன்ற வழக்குகளை நாள்தோறும் விசாரித்து முடிக்க வேண்டும் என்றும் கண்டித்தது. சமரசம் ஏற்பட்டது 2019-ல். அதற்குள் ஃப்ளேம் என்ற பைக்கை ஊர் மறந்துவிட்டது. அந்தச் சண்டை நடந்த மொழி காப்புரிமை எண், பிரமாணப் பத்திரம், வக்கீல் நோட்டீஸ். பன்னிரண்டு வருஷம் கழித்து அதே தொழிலில் சண்டை செல்போனுக்கு மாறிவிட்டது. காகிதத்தில் சண்டை போட்டால் வருஷங்கள் வீணாகும், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் வக்கீல் ஒருமுறை படித்திருப்பார். செல்போனில் அந்த வடிகட்டி இல்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். 2021 வரை இங்கே அது சரிதான். பேசியதால் முன்பதிவு வந்தது. முன்பதிவைக் காட்டி முதலீடு வந்தது. அரசு கூப்பிட்டுப் பேசியது. ஓர் ஆலை, நிஜமான ஆலை, தென்னந்தோப்புகளுக்கு நடுவே எழுந்தது. இதை வெறும் சவடால் என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

குறிப்பாக ஒரு அறிவிப்பு: ஆலையை முழுக்கப் பெண்களே இயக்குவார்கள், 10,000 பெண்கள் என்று 2021 செப்டம்பரில் சொன்னார்கள். எண்ணிக்கை பெரிய எண்ணிக்கைதான், வழக்கம்போல. ஆனால் இந்த மண்ணில் அதற்குத் தனி எடை உண்டு. பெண் சிசுக்கொலை காரணமாகத் தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் நீட்டிக்கப்பட்ட மாவட்டங்களில் பழைய தருமபுரியும் ஒன்று. அங்கே பிறந்து வளர்ந்த பெண்கள் ஸ்கூட்டர் சட்டகத்துக்கு முன்னால் டார்க் ரெஞ்ச் பிடித்து நிற்பது, யார் எதற்காகச் சொன்னதாக இருந்தாலும், நல்ல காரியம்.

ஒர்க் ஷாப்பில் நடப்பது

இந்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பலரும் இதைப் பேசாமல் தலைவர்களின் குணாதிசயத்தையே பேசுகிறார்கள்.

பெட்ரோல் ஸ்கூட்டர் ஓடாமல் நின்றால் என்ன செய்வோம்? தள்ளிக்கொண்டு போய் முக்குக் கடை மெக்கானிக் அண்ணனிடம் விடுவோம். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார், கார்புரேட்டரை ஊதுவார், சாயங்காலம் வண்டி வந்துவிடும். கம்பெனியின் பெயர் கெடாமல் காப்பாற்றியவர்களில் பாதிப் பேர் கம்பெனியில் வேலை செய்யாத இந்த அண்ணன்கள்தான்.

மின் ஸ்கூட்டரில் அவர் டயர், பிரேக் ஷூ, ஃபோர்க், பேரிங் வரை பார்ப்பார். அதற்கு மேல் கதவு அடைத்திருக்கும். பேட்டரி சீல் செய்த பெட்டி. அதற்குள் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சூட்டையும் கவனிக்கும் பேட்டரி மேலாண்மை போர்டு. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் தனி. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன; பேச்சு அறுந்தால் திரையில் ஒரு எரர் கோடு வரும், வண்டி நகராது. அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று படிக்கக் கம்பெனியின் லேப்டாப்பும் லாகினும் வேண்டும். போர்டை மாற்றினால் புது போர்டை அந்த வண்டியோடு சாஃப்ட்வேரில் சேர்த்துவைக்க வேண்டும். ஆக, நின்றுபோன ஒவ்வொரு வண்டியும் ஒரே வாசலுக்குத்தான் வர முடியும். அந்த வாசல் குறுகலாக இருந்தால் வரிசை நீளும். அதற்கு யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, கணக்கே போதும்.

டிவிஎஸ்ஸுக்கு அந்த வாசல் ஊர் ஊராக ஏற்கெனவே இருந்தது. டீலர் கடன் வாங்கிக் கட்டிய ஒர்க் ஷாப், அவருடைய மெக்கானிக்குகள். கோபத்தோடு வரும் வாடிக்கையாளர் முதலில் டீலரிடம் கத்துவார். டீலர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, கம்பெனி ஏரியா மேனேஜரிடம் தானும் கத்துவார். அசிங்கமான ஏற்பாடுதான், ஆனால் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். தன் மின் ஸ்கூட்டரான ஐக்யூபை 2020 ஜனவரியில் பெங்களூருவில் மட்டும் விற்கத் தொடங்கி, மெதுவாகத்தான் மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். ஏத்தரும் 450 என்ற ஸ்கூட்டரை 2018-ல் ஒரே நகரத்தில் ஆரம்பித்து ஊர் ஊராக நகர்ந்தது.

ஓலா டீலர்களே வேண்டாம் என்றது. நேரடி விற்பனை, சொந்தக் கடை, நாடு முழுக்க ஒரே வீச்சு. 2023-24 நிதியாண்டில் மட்டும் சுமார் 3.29 லட்சம் வண்டிகள் பதிவாயின. ஏத்தர் விற்றது அதில் மூன்றில் ஒரு பங்கு. சந்தையின் முதலிடம் ஓலாவுக்கு. இரண்டு விநாடிக்கு ஒரு வண்டி என்ற அறிவிப்போடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. ஆனாலும் சர்வீஸ் வாசலுக்கு அதுவே மிக அதிகம். முன்பதிவின்போது வாங்கிய அட்வான்ஸுக்குச் சரக்கு கொடுக்க வேண்டிய இடம் ஷோரூம் இல்லை, ஒர்க் ஷாப் என்பது தாமதமாகத்தான் தெரிந்தது.

எச்சரிக்கை மணி முன்பே அடித்திருந்தது. 2022 மார்ச்சில் புனேயில் ஓர் எஸ்1 ப்ரோ தீப்பற்றியது. அடுத்த மாதம் 1,441 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். முன் சக்கர ஃபோர்க் உடைகிறது என்ற புகார்களுக்குப் பிறகு 2023-ல் மாற்றித்தர முன்வந்தார்கள். பேசாதவர்கள் எல்லாம் புனிதர்கள் என்றும் நினைக்க வேண்டாம். சார்ஜருக்குத் தனியாகப் பணம் வாங்கி, அரசு மானியத்துக்கான வரம்புக்குள் விலையைக் காட்டிய விவகாரத்தில் 2023-ல் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டவர்களில் ஓலாவோடு ஏத்தர், டிவிஎஸ், ஹீரோ எல்லாரும் இருந்தார்கள். ஓலாவின் பங்கு 130 கோடி. மற்றவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. வாயை மூடிக்கொண்டு தப்பு செய்தால் அந்த வசதி உண்டு.

2024: அதே வாய், வேறு விலை

2024 ஆகஸ்ட் 9 அன்று ஓலா எலக்ட்ரிக் பங்குச் சந்தையில் நுழைந்தது. ஒரு பங்கு 76 ரூபாய், திரட்டியது 6,145 கோடிக்கு மேல். அதே மாதத்திலேயே பங்கு 157 ரூபாயைத் தொட்டது. இந்த இடத்தில் ஒன்று மாறிவிட்டது. அதுவரை பவிஷ் பேசினால் கேட்டவர்கள் முதலீட்டாளர்களும் ரசிகர்களும். இனிமேல் கேட்பவர்களில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியும் உண்டு.

செப்டம்பரில் கர்நாடகத்தின் கலபுரகியில் ஒருவர் தன் வண்டி சரியாகவில்லை என்ற ஆத்திரத்தில் ஓலா ஷோரூமுக்கே தீ வைத்தார். அவர் தொழிலே மெக்கானிக். செய்தது குற்றம், சந்தேகமில்லை. ஆனால் வண்டியைக் கழற்றிப் பூட்டியே பிழைக்கும் ஒருவர் தன் வண்டியை மட்டும் தொட முடியாமல் நிற்பது எப்படி இருந்திருக்கும்!

அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா, சர்வீஸுக்காக வரிசையாக நிறுத்தியிருந்த ஓலா வண்டிகளின் படத்தைப் போட்டு, இதுதான் இந்திய வாடிக்கையாளருக்குக் கிடைப்பதா என்ற தொனியில் கேட்டார். பவிஷ் பதில் எழுதினார். அது காசு வாங்கிப் போட்ட பதிவு, காம்ராவின் காமெடி வாழ்க்கை தோற்றுப்போனது, வந்து உதவி செய்தால் அதைவிட அதிகம் தருகிறேன், இல்லையென்றால் சும்மா இருங்கள் என்பது அதன் சாரம். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று காம்ராவும் விடவில்லை. மறுநாள் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அன்றைக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்திருந்த புகார்கள் 10,644. அவற்றில் 99.1 சதவீதம் தீர்ந்துவிட்டன என்று கம்பெனி பதில் சொன்னது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மஸ்க்கைச் சீண்டியபோதும் பெட்ரோல் கம்பெனிகளைச் சீண்டியபோதும் எழுதிய அதே கைதான் இதையும் எழுதியது. அப்போது எதிரே இருந்தது தன்னைவிடப் பெரியவர்; கூட்டம் பவிஷ் பக்கம் நின்றது. இப்போது காம்ராவின் முதுகுக்குப் பின்னால் நின்றது தன்னிடம் வண்டி வாங்கியவர்கள். போட்டியாளரோடு மல்லுக்கட்டும் தொனியில் வாடிக்கையாளரோடு பேசினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் வேண்டாம்.

டிசம்பர் 2 அன்று, கடைகளின் எண்ணிக்கையை அந்த மாதத்துக்குள் 4,000 ஆக்கப் போவதாகக் காலை 9.58-க்கு எக்ஸ் தளத்தில் பவிஷ் எழுதினார். பங்குச் சந்தைகளுக்கு முறையான தகவல் போனது மதியம் ஒன்றரை மணிக்கு மேல். 2025 ஜனவரி 7 அன்று செபி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதில் பெரிய அபராதம் ஒன்றும் இல்லை. ஆனாலும் முக்கியமான கடிதம். தலைவரின் பேச்சு இனி கம்பெனியின் ஆவணம், அதற்கு நேரமும் வரிசையும் உண்டு என்று எழுத்தில் வந்துவிட்டது.

பிப்ரவரியில் 25,000 வண்டி விற்றதாக ஓலா சொன்னது; அரசின் வாகன் தளத்தில் அந்த மாதம் பதிவானது சுமார் 8,600. பதிவு வேலை செய்யும் ஏஜென்சிகளோடு ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டிருப்பதால் தாமதம் என்றார்கள். இருக்கலாம். முன்பெல்லாம் இப்படி ஒரு விளக்கம் வந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள்.

ராஜீவ் பஜாஜும் சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பரில் பஜாஜின் மின் ஸ்கூட்டரான சேத்தக் முன்னுக்கு வந்ததும், ஓலா ஓலாதான், சேத்தக் தீப்பிழம்பு என்று இந்தியில் எதுகையோடு சொன்னார். தீ என்றால் ஊரே பதறும் மின் ஸ்கூட்டர் தொழிலில், சொந்த வண்டியைத் தீப்பிழம்பு என்று புகழ ஒரு துணிச்சல் வேண்டும். அவரையும் அடக்கமானவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவருக்குப் பின்னால் டீலர்கள் இருக்கிறார்கள். எதுகை தப்பினாலும் சர்வீஸ் நடக்கும்.

ஓசூர்க்காரர்கள் என்ன செய்தார்கள்

ஏத்தரின் தருண் மேத்தாவும் பேசாதவர் அல்ல. ஆனால் அவர் பேச்சில் பெரும்பாலும் செல், சார்ஜிங், வாரண்டி என்று சரக்கு இருக்கும். 2021 ஆகஸ்டில், ஓலாவும் சிம்பிளும் மேடை போட்ட அதே மாதம், ஏத்தர் தன் சார்ஜிங் கனெக்டரின் வடிவமைப்பை மற்ற கம்பெனிகளும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதையே இலகு மின் வாகனங்களுக்கான ஒரு தரமாக ஏற்றுக்கொண்டது. ஹீரோவின் மின் ஸ்கூட்டரான விடா அதைப் பயன்படுத்துகிறது. நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் உள்ள ஏத்தர் சார்ஜரில் விடா சார்ஜ் ஏறும், ஓலா ஏறாது. போட்டியாளரை மட்டம் தட்டி ஒரு வரிகூட எழுதாமல் செய்த காரியம். அந்த வருஷத்து ட்வீட்டுகள் எல்லாவற்றையும்விடக் கூர்மையான அடி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

2025 ஏப்ரலில் மின் ஸ்கூட்டர் பதிவில் டிவிஎஸ் முதலிடத்துக்கு வந்தது. மே மாதம் ஏத்தர் பங்குச் சந்தைக்கு வந்தது, விலை 321 ரூபாய். முதல் நாளே வெளியீட்டு விலைக்குக் கீழே முடிந்தது. ஏத்தர் யாருக்கும் நிலவைக் காட்டவில்லை, அதனால் பெரிய ஏமாற்றமும் இல்லை. செப்டம்பரில் மாதப் பதிவில் ஏத்தர் ஓலாவைத் தாண்டியது. ஜூலை மாதத்தில் ஓலாவின் பங்கு 40 ரூபாய்க்கு அருகே கிடந்தது. 2024-க்குள் வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்த மின் கார் வரவில்லை. போச்சம்பள்ளியில் செல் ஆலை மட்டும் நிஜமாகவே எழுந்தது. சொந்தமாக 4680 என்ற வகை பேட்டரி செல் செய்து வண்டியில் பொருத்துவது இந்தியாவில் சின்னக் காரியம் இல்லை, அதைக் குறைத்துச் சொன்னால் பாவம். டைக்குப் பணம் போட்ட சப்ளையர்களில் பலர் ஒரே கம்பெனியை நம்பாமல் நான்கு பேருக்கும் பாகம் செய்கிறார்கள். நான்கு ஆலைகளும் பக்கத்தில் இருப்பதில் அவர்களுக்குக் கிடைத்த லாபம் அது: முதலிடம் யார் கைக்கு மாறினாலும் லாரி அதே சாலையில்தான் போகிறது.

2025 அக்டோபரில் ஓலா தன் சர்வீஸ் தளத்தை வெளியாட்களுக்கும் திறப்பதாக அறிவித்தது. ஒரிஜினல் உதிரி பாகங்களை வாடிக்கையாளரும் வெளி மெக்கானிக்கும் நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். பழுது கண்டறியும் கருவியும் பயிற்சியும் அடுத்தடுத்த கட்டங்களில் என்றார்கள். முக்குக் கடை அண்ணனைக் கேட்டிருந்தால் வரிசையை மாற்றிச் சொல்லியிருப்பார். பிரேக் ஷூவும் பேரிங்கும் அவருக்கு எங்கேயும் கிடைக்கும். எரர் கோடைப் படிக்கும் லாகின்தான் கிடைப்பதில்லை.